கீலி முங்கிய கதை

தென்னாப்பிரிக்காவின் க்ளைன்பாய் படகுத்துறையில் சுறாவைப் பற்றிப் பேசுவதற்குக் கீலியை விட்டால் ஆள் கிடையாது. சுறாவைப் பார்க்கக் கடலுக்குள் இரும்புக் கூண்டில் இறங்க வருகிறவர்களுக்குக் காலையில் முறைகளைச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. உள்கம்பியைப் பிடி, வெளிக்கம்பியைத் தொடாதே, மேலிருந்து 'முங்கு' என்று சத்தம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விடு. மொத்தமே மூன்று விஷயம், இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். கீலி முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் நடுவில் அந்தக் கண் வரும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கூண்டுக்குள் நின்ற கீலியை ஒரு வெள்ளைச் சுறா கண்ணோடு கண் பார்த்ததாம். "நம்ம பேரு, ஊரு, காலைல என்ன சாப்பிட்டோம், எல்லாம் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்படி ஒரு பார்வை," என்பார். கேட்கிறவர்கள் கையில் தேநீர் ஆறிப்போகும்.

உண்மை என்னவென்றால், கீலி கூண்டுக்குள் இறங்கியதே இல்லை. நீச்சலும் தெரியாது. தலைக்குக் குளித்தால் இரண்டு குவளைத் தண்ணீர்தான், அதையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு. யாராவது "நீயும் வாயேன்" என்றால் காதைத் தொட்டுக் காட்டுவார். சவ்வில் ஓட்டை, தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் என்று கேட்டால், அவர் செத்துப்போய்விட்டாராம்.

இந்தக் குட்டு இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவர் மனைவி ட்ரீக்கா, கரைக்குத் திரும்புகிறவர்களுக்கு சூப் காய்ச்சுகிறவள். இன்னொருவன் அவள் தம்பி ஓக்கர்ட், படகை ஓட்டுகிறவன். அவன் இதை வெளியே சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டு சீண்டுவதில்தான் அவனுக்கு ருசி. கீலி என்ற பெயரைக் குறிலாக்கினால் என்ன வரும் என்று தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லாமல் போனது அவர் அதிர்ஷ்டம்.

அந்தச் செப்டம்பர் விடுமுறையில், கேப் டவுனில் படித்துக்கொண்டிருந்த நார்வேப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தார்கள். அதில் தூரா என்றொரு பெண். முக்கால் மணி நேரமும் கீலியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், முடிந்ததும் அந்தக் கண்ணைப் பற்றி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். கீலிக்கு உச்சி குளிர்ந்துபோனது. இரண்டாம் தரம் சொன்னபோது சுறா ஒரு முழம் வளர்ந்திருந்தது.

கரைக்கு எதிரே உள்ள தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு, சுறாவை வரவழைக்க மீன் கூழைக் கரைத்து ஊற்றி, கயிற்றில் இரையைத் தொங்கவிட்டு, கூண்டைப் படகின் பக்கவாட்டில் கட்டினார்கள். ஹோகன் என்ற பையன் வரும்போதே மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டு, "நான் வரல, என்னைக் கடல்ல தூக்கிப் போட்டுருங்க," என்று படுத்துவிட்டான். மற்ற மூன்று பேரும் கூண்டுக்குள் இறங்கிவிட்டார்கள். தூரா ஏணி வரை வந்து, தண்ணீரைப் பார்த்து, கல்லாகிவிட்டாள்.

"ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சுட்டு வந்தியே, இப்ப என்னடி?" என்றான் எஸ்பென், கூண்டுக்குள்ளிருந்து. "ஹோகனுக்குத் துணையா வாளி பிடிக்கப் போறியா?"

தூராவின் கண் நிறைந்துவிட்டது. அவள் கீலியைத் திரும்பிப் பார்த்தாள். "கீலி அங்கிள், நீங்க கூட வாங்க. நீங்க பக்கத்துல நின்னா நான் இறங்கிடுவேன்."

கீலியின் கை தானாகக் காதுக்குப் போனது. "எனக்குக் காதுல..."

மேல்தட்டிலிருந்து ஓக்கர்ட் எட்டிப் பார்த்தான். பதினோரு வருஷமாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தவன் போல முகமெல்லாம் பல். "மச்சான், உன் காது ஆறி எத்தனையோ வருஷம் ஆச்சே. கூண்டுல ஒரு இடம் சும்மாதான கெடக்கு? போ. அந்தப் பழைய சுறா வந்தா நான் விசாரிச்சதாச் சொல்லு."

படகில் இருந்த எல்லாரும் கீலியைப் பார்த்தார்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஹோகன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். மாட்டேன் என்றால் பதினோரு வருஷத்துக் கண் இந்த நிமிஷமே மூழ்கிவிடும். நாளைக் காலையில் யார் முகத்தைப் பார்த்து வாயைத் திறப்பது? சரி என்றால் தானே மூழ்கவேண்டும். எது மேல் என்று அவர் உண்மையிலேயே யோசித்தார். பிறகு, "உடுப்பு எங்க?" என்றார்.

அந்த ரப்பர் உடுப்புக்குள் அவரைத் திணிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக மற்றவர்களுக்கு மாட்டிவிட்டவர், பின்பக்கத்தை முன்னால் போட்டுக்கொண்டு நின்றார். ஒருவழியாக முகமூடியையும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். தூராவும் கீலியும் பக்கத்தில் பக்கத்தில், தலை மட்டும் தண்ணீருக்கு மேலே. குளிர் எலும்பில் இறங்கியது. நார்வேக்காரர்கள், "எங்க ஊர்க் கோடை மாதிரி இருக்கு," என்று கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள்," என்றாள் தூரா மெதுவாக. "உள்கம்பி."

கீலி வெளிக்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். தினமும் முக்கால் மணி நேரம் சொல்லித்தந்த முதல் பாடம். அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்கம்பியில் வைத்தாள்.

"முங்கு, இடது," என்று சுறா வரும் பக்கத்தையும் சேர்த்து மேலிருந்து ஓக்கர்ட் குரல் கொடுத்தான்.

அவன் சொன்னதை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்வது இத்தனை வருஷமும் கீலியின் வேலை. வாய் பழக்கத்தை விடவில்லை. "முங்கு, இடது," என்று கூண்டுக்குள்ளிருந்தே கத்தினார். நான்கு தலைகள் உள்ளே போயின. ஐந்தாவது தலை காய்ந்தபடி மேலேயே நின்று, அவர்கள் சரியாக முங்கினார்களா என்று மேற்பார்வை பார்த்தது.

எழுந்து வந்த எஸ்பென் முகமூடியைத் தூக்கினான். "பாத்தீங்களா அங்கிள்?"

"பாத்தேன் பாத்தேன். சின்னதுதான்," என்றார் கீலி.

இரண்டாம் தரமும் அப்படியே. "முங்கு, வலது." நான்கு தலை உள்ளே, ஒரு தலை மேலே. மேல்தட்டில் ஓக்கர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்திருந்தான்.

மூன்றாம் தரம் மூன்று தலைகள்தான் உள்ளே போயின. தூரா போகவில்லை. முகமூடிக்குள்ளிருந்து கீலியையே பார்த்தாள்.

"நீங்க முங்கவே இல்ல," என்றாள்.

கீலி காதைத் தொடலாம் என்றால் கம்பியை விட வேண்டும். விட முடியவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது முங்கியிருக்கீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று. பதினோரு வருஷத்தில் சுறாவைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். வெட்கத்தில் அவருக்கு முகம் எரிந்தது. இந்தப் பெண் சிரித்துவிட்டால் இந்தத் துறைமுகத்தில் தனக்கு இனி வேலையில்லை என்று நினைத்தார்.

தூரா சிரிக்கவில்லை. "எனக்கும் கால் நடுங்குது. அடுத்த தடவை சேந்து போலாம். என் கையைப் பிடிச்சுக்குங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க அங்கிள், அப்புறம் வந்ததுக்கே அர்த்தமில்ல."

"முங்கு, இடது."

கீலி திருப்பிச் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்தார். முங்கினார்.

உள்ளே சத்தமே இல்லை. அதை அவர் ஒருநாளும் கதையில் சேர்த்ததில்லை, அவருக்குத் தெரியாது. பச்சைக் கலங்கலுக்குள்ளிருந்து செம்புநிறத்தில் ஒன்று வந்தது. வெள்ளைச் சுறாவைத் தின்னும் கொலைத் திமிங்கிலங்கள் வந்த பிறகு அது இந்தப் பக்கம் அரிது. இது செப்புச் சுறா, ஒன்றரை ஆள் நீளம் இருக்கும். நிதானமாகக் கூண்டை உரசிக்கொண்டு போனது. கீலி அதன் கண்ணைப் பார்த்தார். அது இரையையே பார்த்துக்கொண்டு போனது. தன்னைப் பற்றி எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசிய மனிதரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மேலே வந்ததும் உப்புத் தண்ணீரைத் துப்பினார், இருமினார், பிறகு அழுதார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மச்சான், நேரம் ஆச்சு, ஏறு," என்றான் ஓக்கர்ட்.

"நீ வாயை மூடிட்டு வேலையப் பாரு. அடுத்தது எப்ப வரும்?" என்றார் கீலி. இன்னும் நாலு தரம் முங்கிய பிறகு, மூன்று பேர் சேர்ந்துதான் அவரைக் கூண்டிலிருந்து பிடுங்கி எடுத்தார்கள்.

கரையில் பூசணி சூப்பும் ரொட்டியும் காத்திருந்தன. பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசினார்கள். "அங்கிள், பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உங்களைப் பாத்துச்சே, அதுவும் இப்படித்தானா?" என்று எஸ்பென் கேட்டான்.

மேஜை முழுக்கக் கீலியைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். கை காதுக்குப் போனது.

"அங்கிளுக்குக் காதுல தண்ணி போயிருச்சு, விடு," என்றாள் தூரா, சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

ட்ரீக்கா கரண்டியோடு வந்தவள் அவர் தலையைப் பார்த்து நின்றுவிட்டாள். முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. தம்பி வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றியிருப்பான், இவர் அதையும் ஒரு கதையாக்கப் போகிறார் என்று நினைத்தாள். பக்கத்தில் குனிந்து, "என்ன, இன்னைக்கும் அது உன்னைக் கண்ணோட கண் பாத்துச்சா?" என்றாள்.

கீலி சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இல்ல ட்ரீக்கா," என்றார் தாழ்ந்த குரலில். "என்னைப் பாக்கவே இல்ல."

அவள் கரண்டியை மேஜையில் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"அப்போ நெஜமாவே போயிருக்க," என்றாள்.