மாதப் படம்

"இதுல மூஞ்சி எங்கே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் செல்போனில் படங்களைத் தள்ளினாள்.

ஒரு படத்தில் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அடுத்ததில் முஷ்டியைச் சப்பியது. அதற்கடுத்ததில் புதிதாக முளைத்த இரண்டு பற்களைக் காட்டியது. எல்லாவற்றிலும் அதே சோபா, அதே பழுப்புப் போர்வை. குழந்தையின் இடுப்பைப் பிடித்திருக்கும் நரம்போடிய இரண்டு கைகள். கைகளுக்குப் பின்னால் போர்வை ஒரு மேடாக எழும்பி நின்றது.

"அது மாமாதான் அண்ணி," என்றாள் குழந்தையின் அம்மா.

"மாமான்னு நீதான் சொல்லணும். எனக்கு மூட்டை மாதிரி தெரியுது."

பிரேம் கடைக்காரர் மறுபடியும் போன் செய்துவிட்டார். நாலு மணிக்கு மயான வண்டி வருவதற்குள் படம் தயாராக வேண்டுமென்றால் முகம் தெளிவாக விழுந்த ஒன்றை உடனே அனுப்பச் சொன்னார். மாமனாரைக் கூடத்தில் தரையில் மெத்தை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சுதான் என்றார். சோப்பு நுரை காய்ந்திருந்த மீதிக் கன்னத்தை அவள் புருஷன் மழித்து முடித்தான். கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சவரம் செய்கிற மனுஷன் இன்றைக்கு எதற்குக் கத்தியை எடுத்தார் என்று நாத்தனார் வந்ததும் கேட்டாள். தம்பி உதட்டைப் பிதுக்கினான். மருமகளுக்குத் தெரியும். இன்று குழந்தைக்கு ஒரு வயது, மாதப் படம் எடுக்கிற நாள். போர்வைக்குள் உட்காரப் போகிறவர் மாதாமாதம் அன்றைக்கு மட்டும் கிழமை பார்க்காமல் சவரம் செய்துகொள்வார்.

மாதப் படம் அவள் ஆரம்பித்து வைத்தது. விடுதியில் வளர்ந்தவள் அவள். குழந்தையில் தான் எப்படி இருந்தோம் என்று பார்த்துக்கொள்ள அவளிடம் ஒரு படமும் கிடையாது. தன் பெண்ணுக்கு அந்தக் குறை இருக்கக்கூடாது என்று மாதம் ஒரு படம், ஒரே இடத்தில், ஒரே மாதிரி எடுத்து, வருஷக் கடைசியில் வரிசையாக மாட்டுவதென்று முடிவு செய்திருந்தாள். முதல் மாதமே வம்பாகிவிட்டது. கழுத்து நிற்காத குழந்தை சோபாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்தார். யார் எவர் என்று தெரியாத பெண்ணை மகன் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று, அந்த நாள் வரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். சோபாவில் கிடந்த போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கைகள் இரண்டும் வெளியே நீண்டன.

"குழந்தையைக் குடும்மா," என்றது போர்வை.

மூஞ்சியும் வந்தால் நன்றாயிருக்குமே என்று அவள் இழுத்தாள்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஏறினவன் எல்லாம் என் பிடரியைத்தான் பாத்தான். மூஞ்சிக்கு என்ன அவசரம் இப்போ?"

அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை அவர்கள் பேசிக்கொண்டார்கள். மற்ற நாளெல்லாம் பழைய கதைதான். காபி வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மகனிடம் சொல்வார். போர்வைக்குள் போய்விட்டால் வேறு ஆள். குழாய் ஒழுகுவதைச் சொல்வார். அவள் புருஷன் சின்ன வயதில் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து மானத்தை வாங்கியதைச் சொல்வார். மருந்துக் கடை வேலைக்கு அவள் தாராளமாகத் திரும்பப் போகலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று ஒரு மாதம் கேட்டார். படம் எப்போதோ விழுந்திருக்கும். சரியாக வரவில்லை, இன்னொன்று எடுக்கிறேன் என்று அவள் இழுத்தடிப்பாள். அவருக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும். குழந்தை தானாக உட்காரப் பழகிய பிறகும் அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முடிந்ததும் போர்வையை உதறிக்கொண்டு வெளியே வருவார். முடியெல்லாம் சிலிர்த்து நிற்கும். குழந்தை மூச்சு முட்டச் சிரிக்கும். உடனே பேப்பரை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவார்.

"அவர் வெளியே வர்றப்போ எடுத்தது ஒண்ணாவது இருக்குமே?" என்று புருஷன் கேட்டான்.

"இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆடிப் போயிருந்துச்சு. போன்லயும் இடம் இல்ல."

அவன் அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. பீரோவைத் திறந்து அப்பாவின் பழைய லைசென்ஸைத் தேடப் போனான். நாத்தனார் செல்போனை அவள் மடியில் போட்டாள்.

"உயிரோட இருக்கற மனுஷனை யாராவது தலையோட மூடுவாங்களா? வருஷம் பூரா மூடி வெச்சிருக்கே."

அது அவராகச் செய்தது என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏன்-க்கு உள்ளே இருந்ததெல்லாம் இத்தனை பேர் நடுவில் பிரித்துப் போடக்கூடிய சமாசாரமாக அவளுக்குப் படவில்லை.

லைசென்ஸோடு கிளம்பியவனை வாசலில் நிறுத்தினாள்.

"இன்னிக்குப் படம் எடுக்கணுங்க. அவரோட."

"என்ன பேசறே நீ? அக்கா காதுல விழுந்தா வீட்டை ரெண்டாக்கிடுவா. அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

"அடுத்த வாரம் அவர் இருக்க மாட்டார்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பெரிதாக்கிய லைசென்ஸ் படம் பிரேமுக்குள் வந்தது. அடர்ந்த மீசையோடு முறைத்துக்கொண்டிருந்த அந்த இளைஞனை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வந்தவர்கள் அச்சு அசல் அவரேதான் என்றார்கள்.

மூன்றரை வாக்கில் மாடி வீட்டுக்காரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தூங்கி எழுந்ததிலிருந்து ஒரே அழுகையாம், பசியோ என்னவோ என்றாள். சமையலறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அப்பா மூஞ்சியை மூடுங்க. குழந்தை பயந்துக்கும்," என்று நாத்தனார் சொல்லிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, சோபாக் கைப்பிடியில் மடித்து வைத்திருந்த போர்வையைத் தானே எடுத்து உதறினாள். பழுப்புப் போர்வை. சவரத்துக்குப் போவதற்கு முன்னால் அவரே எடுத்து வைத்தது. நாத்தனார் அப்பாவின் தலைவரை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

குழந்தை அழுகையை நிறுத்தியது. மாடி வீட்டுக்காரம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது. பிடிக்கக் கை நீட்டுவதற்குள் தவழ்ந்து மெத்தைக்குப் போய்விட்டது. போர்வையைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு உடம்பைத் திருப்பிக்கொண்டு, அவர் இடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்தது. வாயிலிருந்த விரலைக்கூட எடுத்துவிட்டது.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தை காத்திருந்தது. பின்னாலிருந்து வர வேண்டிய கைகள் வரவில்லை. ஒரு தடவை திரும்பிப் போர்வையைப் பார்த்தது. மறுபடியும் அம்மாவைப் பார்த்தது. முகம் கோணத் தொடங்கியது. உடம்பு மெத்தையின் சரிவில் மெல்ல நழுவியது.

நாத்தனார் எழுந்தாள். தூக்கிக்கொண்டு போகத்தான் குனிந்தாள். குனிந்தவள் முட்டி போட்டு, அப்பாவுக்கும் குழந்தைக்கும் நடுவில் கைகளைக் கொடுத்து, அதன் இடுப்பைப் பிடித்தாள். அவள் கைகளிலும் அதே போல நரம்பு ஓடியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஒரு கணம் தவித்தாள். பிறகு தலையைத் தாழ்த்தி, குழந்தையின் முதுகுக்குப் பின்னால், அப்பாவின் விலாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எடு," என்றாள் போர்வையிலிருந்து முகத்தை எடுக்காமல். "எடுத்துத் தொலை."

அவள் எடுத்தாள். குழந்தை இன்னும் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, யாருடைய கைகள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. படத்தில் அது அப்படியேதான் விழுந்தது.

நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. அவள் முதுகு ஏறி இறங்கியது. யாரும் அவளைத் தொடவில்லை. குழந்தை அவளுடைய வளையல் ஒன்றைக் கண்டுபிடித்து உருட்ட ஆரம்பித்தது.

வெளியே வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது. சந்து குறுகல். புருஷன் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் இந்தப் பக்கம் ஒடிங்க... வரலாம்..."

வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் அவன் தட்டுவது கேட்டது. என்ஜின் நின்றது.