குமிழைக் கழற்றிய வண்டி

மாய்லிஸ் தன் பனிவண்டியின் கைப்பிடியில் இருந்த குமிழைக் கழற்றி, சிக்ஸ்டனின் காப்பிக் கோப்பைக்குள் போட்டாள்.

"இந்தாங்கண்ணே, சர்க்கரைக்குப் பதிலா."

மலையடியில் நின்ற பனிவண்டிச் சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள். சங்கத்தின் தலைவர் சிக்ஸ்டன் சிரிக்கவில்லை. டர்போ எவ்வளவு காற்றை இஞ்சினுக்குள் திணிக்கவேண்டும் என்பது அந்தக் குமிழின் கையில்தான் இருந்தது. ஏற்றத்தில் வண்டி திணறினால் குமிழைத் திருகு. ஸ்வீடனின் அந்த வடகோடியில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. போன வருஷம் அவர் கீழிருந்து கத்தினாரே என்று அவளும் திருகினாள். பாதி மலையில் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. கயிறு கட்டி இழுத்து வந்தபோது சிரித்ததும் இதே வாய்கள்தான்.

மாவட்டப் போட்டிக்குச் சங்கத்திலிருந்து ஒரே ஆள்தான் போகலாம். அவளா, சிக்ஸ்டனின் அக்கா மகன் பெல்லேயா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். மேலே நட்ட கொடிவரை ஏறவேண்டும். இறங்கி வந்து, இஞ்சின் மூடியைத் திறக்காமல் மறுபடியும் ஏறவேண்டும்.

இலையுதிர் காலம் முழுக்க, மர அறுவை மில்லில் வேலை முடிந்து வந்த உடம்போடு அவள் அந்த இஞ்சினோடு மல்லுக்கட்டினாள். டர்போ அமுக்கி அனுப்பிய காற்றைப் பிஸ்டன் மறுபடி அமுக்கினால் சூடு தாங்காது. தீப்பொறிக்கு முந்தியே பெட்ரோல் பற்றிக்கொண்டு உள்ளே தட்டும்; பிஸ்டனில் ஓட்டை விழும். அதனால் சிலிண்டரின் தலைப்பாகமான ஹெட்டுக்கு அடியில் தடித்த தகடு வைத்து அமுக்கத்தைக் குறைத்தாள். தட்டுகிற சத்தம் நின்றது. வண்டியின் சுறுசுறுப்பும் கூடவே போயிற்று.

"சினை மான் மாதிரி நடக்குதேம்மா. தகட்ட எடு, இல்ல குமிழத் திருகு" என்றார் சிக்ஸ்டன்.

"ரெண்டும் செய்யமாட்டேன்."

தகட்டில் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஹெட் மயிரிழை உயர்ந்தால் அதிலுள்ள, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளும் உயரும். கீழிருந்து வந்து அவற்றைச் சுற்றும் செயின் நீளுமா என்ன? அது தண்டுகளைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிடும். வால்வுகள் பிந்தித் திறந்து பிந்தி மூடும். இஞ்சின் சோம்பியதற்கு அதுதான் காரணம். அந்தத் தண்டுகளின் பல்சக்கரங்களில் இருந்த போல்ட் ஓட்டைகளை அரத்தால் நீளமாக்கி, கேம்களைத் துளித்துளியாக முன்னுக்குத் திருப்பினாள். வால்வு பிஸ்டனை இடிக்கிறதா என்று கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்கு முதலில் பெல்லே ஏறினான். குமிழை முழுக்கத் திருகி, கொடியையும் தாண்டி நின்று கையை ஆட்டினான். கைதட்டல் காதைப் பிளந்தது. இரண்டாம் தடவை பாதி வழியில் 'டப்' என்றது. வெள்ளைப் புகை சரிவில் படர்ந்தது.

"மாமா, போச்சு!" என்று மேலிருந்து கத்தினான்.

மாய்லிஸ் கிளம்பினாள். வண்டி கீழேயே பனியைக் கடித்துக்கொண்டு பாய்ந்தது. மேலே போகப்போகச் சரிவு நிமிர்ந்து, வேகம் குறைந்தது.

"திருகு! திருகு!" என்று கீழே கூச்சல். அவளையும் அறியாமல் கட்டைவிரல் குமிழைத் தேடிப் போனது. அங்கே ஓட்டைதான் இருந்தது. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் முன்னால் சாய்த்தாள். வண்டியின் மூக்கு கொடிக்கம்பை உரசியது.

இறங்கினாள். இஞ்சினை அணைக்கக்கூட இல்லை. திரும்ப ஏறினாள். திரும்பவும் அதே கம்பை உரசினாள்.

சிக்ஸ்டன் கோப்பைக்குள் விரலை விட்டுக் குமிழை எடுத்துத் துடைத்தார்.

"சரி, நீதான் போற. ஆனா வெறுமனே உரசிட்டு வந்தா மாவட்டத்துல எடுபடாது. நான் இத மாட்டித் தர்றேன். சங்கத்து மானம்மா."

"போன வருஷம் என்னைக் கயித்துல இழுத்துட்டு வந்தப்ப சங்கத்து மானம் எங்கண்ணே போயிருந்துச்சு?"

சொல்லிவிட்டு அவள் வண்டியை மலைப்பக்கம் திருப்பினாள்.

"அதான் ரெண்டு தடவ ஏறிட்டியே! இப்ப எங்க போற?" என்றார் சிக்ஸ்டன்.

"பெல்லே மேலயே நிக்கிறான் பாருங்க. கயிறு இருந்தா குடுங்க."

யாரோ கயிற்றை வீசினார்கள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூன்றாவது தடவையாக ஏறத் தொடங்கினாள்.