முப்பதாம் நாள் அழைப்பு

வாயாடிக்குப் பதினாறு வயது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அப்பா. "ஒரு நாள் பேசாம இருந்தா இவளுக்குக் காய்ச்சல் வந்துடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது அவர் வாயில் குழாயைச் செருகி, இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவின் பதினொன்றாம் நம்பர் படுக்கையில் போட்டிருந்தார்கள். இதய ஆபரேஷன் முடிந்து இருபத்தாறு நாள்.

அன்று காலைதான் பெரிய டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்து உடைத்துச் சொன்னார். "இனிமே தேறாது. கிட்னி போயாச்சு, நுரையீரலும் போயாச்சு. மிஷின எடுத்தா அரை மணி நேரம். நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே எடுத்துடலாம்."

போன வாரம் கொஞ்சம் தெளிந்திருந்தபோது அப்பாவே சிலேட்டில் கோணல்மாணலாக எழுதிக் காட்டியிருந்தார்: போதும். அம்மா தலையாட்டினாள். அப்பாவின் அக்கா, வாயாடியின் அத்தை, சுவரில் முகம் புதைத்து அழுதாள். வாயாடி அப்பாவின் காதோரம் குனிந்து, "நாளைக்குப்பா, நாளைக்கு அவுத்து விட்டுடுவாங்க" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

அம்மாவுக்கு வேலையும் அதே ஆஸ்பத்திரியில்தான், ஆய்வுப் பிரிவில். எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு செலவு, கவனிப்பு எப்படி, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் பெரிய ஆய்வு ஒன்றுக்கு இங்கிருந்து விவரம் அனுப்பும் மேசை அவளுடையது. ஆபரேஷன் செய்து முப்பது நாளுக்குள் ஆள் போனால் அது டாக்டர் தலையில் விடியும். முப்பத்தோராம் நாள் போனால் அது அவனவன் தலையெழுத்து.

தினமும் சாப்பிட்டு முடித்ததும் அம்மா தாள்களை விரிப்பாள். வாயாடி வாசிப்பாள், அம்மா தட்டச்சு செய்வாள். நோயாளி பெயர் கிடையாது. படுக்கை எண், ஆபரேஷன் ஆகி எத்தனையாவது நாள், அவ்வளவுதான். இருபத்தைந்தைத் தாண்டியவர்களின் பட்டியல் மறுநாள் காலை டாக்டர்கள் கைக்குப் போய்விடும். கூடுதலாகக் கவனிக்க என்று சொல்லிக்கொள்வார்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் வாயாடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். "அம்மா, இருபத்தெட்டு, இருபத்தொம்பதுல ஒருத்தர்கூடச் சாகமாட்டேங்கறாங்க பாரு. முப்பத்தொண்ணு ஆனா வரிசையா போறாங்க. முழு மாசச் சம்பளத்த வாங்கிட்டுக் கிளம்பற மாதிரி!"

அம்மாவுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. "வெளிய எங்கயாவது சொல்லித் தொலைக்காதடி."

அன்று ராத்திரியும் தாள்கள் வந்தன. அழுது வீங்கிய கண்ணோடு வாயாடி பழக்கதோஷத்தில் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனாள். "படுக்கை ஒம்பது, நாள் பன்னெண்டு. படுக்கை பதினொண்ணு, நாள் இருபத்தாறு." அம்மாவின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு தட்டியது.

மறுநாள் காலை டாக்டர் வேறு முகத்தோடு வந்தார். "அவசரப்பட வேண்டாம். இன்னும் நாலஞ்சு நாள் பார்ப்போம். நம்பிக்கைய விடாதீங்க."

அத்தை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மத்தியானமே கடைக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்துவிட்டாள். "தம்பியோட பழசு தேஞ்சு கெடக்குது. நடந்து வரச்ச வழுக்கிடுச்சுன்னா?"

வாயாடி விரல் விட்டு எண்ணினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அம்மாவை மாடிப்படி ஓரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பதினொண்ணு நம்ம அப்பாதானே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அடிச்சே? அந்த ஒரு வரிய விட்டிருக்கலாமில்ல?"

"வாசிச்சது நீதானே. நீ ஏன் விடல?"

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "ஒரு வரி கொறஞ்சா கூட்டல் உதைக்கும். யாரு விட்டதுன்னு நோண்டுவாங்க. உங்கப்பா எப்படியும் போகத்தான் போறாரு. என் வேலையும் சேர்ந்து போகணுமா?"

"அத்தைகிட்டச் சொல்லிடுவேன்."

"சொல்லேன். அப்படியே செருப்பையும் கடையில திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லு."

வாயாடி சொல்லவில்லை. குழாய்க்குள் சளி உறிஞ்சும்போதெல்லாம் அப்பாவின் முதுகு கட்டிலை விட்டு வில்லாக எழும்பும். கடைவாய் புண்ணாகி ரத்தம் காய்ந்திருந்தது. அவள் உள்ளே போனதும் கண்கள் அவளையே பார்க்கும். நாளைக்கு என்று சொன்னவள் அவள்தானே.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள் நர்ஸ், கைக்கட்டை இறுக்கியபடி.

"தெரியாதுன்னா ஏன் கட்டறீங்க?"

"வாயப் பாரு" என்று நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

முப்பதாம் நாள், ஆள் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், ஆய்வுப் பிரிவிலிருந்து குடும்பத்துக்குப் போன் வரும். பேச்சு முழுக்கப் பதிவாகும். அப்பாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் போன் வாயாடியிடம் இருந்தது.

"பதினோரு மணிக்கு நான் கூப்பிடுவேன்" என்றாள் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எடக்குமடக்கா எதாவது பதிவாச்சுன்னா விசாரணைன்னு ஆரம்பிப்பாங்க. அது முடியற வரைக்கும் உங்கப்பா மேல ஒருத்தனும் கை வெக்க மாட்டான். மிஷின் ஓடிக்கிட்டே கெடக்கும்."

"வேற யாராவது கூப்பிடட்டுமே."

"வேற யாராவதுன்னா நீ கொட்டிடுவே."

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. எதிரே அத்தை, மடியில் செருப்புப் பெட்டி.

"வணக்கங்க, ஆய்வுப் பிரிவுலேர்ந்து பேசறேன். இந்தப் பேச்சு பதிவாகுதுங்க. நோயாளி உங்களுக்கு என்ன உறவுங்க?"

"அப்பா."

"இன்னிக்கு உயிரோட இருக்காருங்களா?"

எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பாவின் கண்கள் ஞாபகம் வந்தன. "இருக்காரு."

"கவனிப்புக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

"அவருக்கு வலிக்குதும்மா."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அதுக்குக் கட்டம் இல்லைங்க. அஞ்சுக்கு எத்தனைங்க?"

"அஞ்சு."

"நன்றிங்க."

"யாருடி? என்ன கேட்டாங்க?" என்றாள் அத்தை.

"அப்பா உயிரோட இருக்காரான்னு."

"இது ஒரு கேள்வியா! இருக்கான்னு நல்லா ஒரக்கச் சொன்னியா?"

"சொன்னேன் அத்தை."

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, திடீரென்று மோசமாகிவிட்டதாகச் சொல்லி மிஷினை எடுத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பதினோரு நிமிடம். கைக்கட்டை நர்ஸ் அதற்கப்புறம்தான் அவிழ்த்தாள். அத்தை பெட்டியைப் பிரித்துச் செருப்பை அப்பாவின் காலில் மாட்டப் பார்த்தாள். மெத்தென்று வீங்கியிருந்த கால் உள்ளே போகவே இல்லை. தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு வாயாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு சைஸ் பெரிசா வாங்கியிருக்கணும்டி."