எங்கேயும் போகாத துப்பாக்கிகள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை உப்புக்கண்டம் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. ஒஹாயோவில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர்க் கண்காட்சி மைதானத்தில் துப்பாக்கிச் சந்தை கூடும். மிளகு தூக்கலாகப் போட்ட மாட்டு உப்புக்கண்டம் அங்கேதான் கிடைக்கும். அதற்காகத்தான் போகிறேன், துப்பாக்கிக்காக அல்ல. (என் மனைவி இதை நம்புவதில்லை.) பொட்டலமும் கையுமாகத் திரும்பும்போது, ஒரு மேசைக்குப் பின்னாலிருந்த பெரியவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:

"இது எங்கயும் போனதில்ல சார். அதான் இதோட பெருமை."

அவ்வளவுதான். அவர் பெயரை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வெர்லின் ஸ்டாஃபர் என்று பெயர் வைத்தேன். அறுபத்தெட்டு வயது கொடுத்தேன். ஒரு மகளையும் கொடுத்தேன். மகளைக் கொடுத்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் தன் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால்…"

[விட்டுவிட்டேன். பனியில் வண்டி ஓட்டாதவன்தான் பனியில் கதையைத் தொடங்குவான்.]

இரண்டாம் முயற்சி: "ஏழு துப்பாக்கிகளில் ஒன்று மட்டும் அன்று…"

[இதையும் விட்டேன். ஏதோ வெடிக்கப்போகிறது என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். எதுவும் வெடிக்காது. சந்தை வாசலிலேயே ஒவ்வொரு துப்பாக்கியிலும் சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டையைக் கோத்து இறுக்கிவிடுவார்கள்.]

நேராகவே சொல்கிறேன்.

3

வெர்லின் சேர்ப்பது பட்டாளத் துப்பாக்கிகளை அல்ல, அவற்றின் பொதுமக்கள் பதிப்பை. ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு, ஒரே எடை. அரசு முத்திரை விழுந்தால் பட்டாளத்துக்குப் போகும். விழாதது கடைக்கு வரும், யாராவது வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பார்கள். போருக்குப் போய் அடிபட்டு வந்ததற்கு மதிப்பு அதிகம். போகாததைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் குறைவு.

பக்கத்து மேசைக்காரர் ஓரின் சேர்ப்பது போருக்குப் போய்வந்தவற்றை. அவர் கிண்டல் செய்யாத மாதம் கிடையாது.

"உன்னுது எல்லாம் கல்யாணத்துக்கு டிரஸ் பண்ணிட்டு மண்டபத்துக்கே போகாத மாப்பிள்ளைங்கப்பா. சட்டை கசங்கல பாரு."

"கசங்காததுதான் எனக்கு வேணும்," என்பார் வெர்லின்.

அதற்கு மேல் சொல்ல மாட்டார். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. இந்தப் பகுதியை எழுதி இரண்டு வாரம் சும்மா இருந்தேன். பாத்திரம் வாயைத் திறக்காவிட்டால் எழுதுகிறவன் என்ன செய்ய முடியும்?*

* இந்தச் சேகரிப்பாளர்களிடம் கதை விடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி. 'கதையை வாங்காதே, சாமானை வாங்கு' என்பது அவர்கள் பாலபாடம். ஒவ்வொரு விற்பனைக்காரனும் தன் துப்பாக்கிக்கு ஒரு வீரக் கதை வைத்திருப்பானாம். இவர்களைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்த என் துணிச்சலைப் பாருங்கள்.

4

மகள் பெயர் மார்லா. கொலம்பஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவசரப் பிரிவு நர்ஸ். குண்டடி பட்டு வருகிறவர்களின் சட்டையைக் கத்தரித்து எடுப்பது அவள் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரே வாரத்தில் நான்கு சட்டைகள் கத்தரித்த பிறகு, அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அந்தச் சாமானெல்லாம் இருக்கிற வீட்டுக்கு என்னால வர முடியாதுப்பா."

"சரிம்மா," என்றார் வெர்லின்.

அன்றிலிருந்து, குடும்பம் கூடிச் சாப்பிடுகிற நன்றித் திருநாளுக்குக்கூட நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில்தான் இருவரும் வான்கோழி சாப்பிடுகிறார்கள். (அந்த 'சரிம்மா'வுக்குப் பிறகு அவர் எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்திருந்தார் என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.)

அவளுக்கு இருபத்தொரு வயதானபோது, தன்னிடமிருந்த ஏழில் ஆக அரியதை அவர் பரிசாகக் கொடுத்திருந்தார். தொழிற்சாலை முதல் வருடம் விற்ற பொதுமக்கள் பதிப்பு, ஒரு கீறல் கிடையாது. அவள் அதை வங்கிப் பெட்டகத்தில் போட்டதோடு சரி.

5

போன மாதம் அவருடைய பிறந்தநாளுக்கு அவளாகவே வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை; சமாதானம் செய்துகொள்ளத்தான். கையில் அந்தத் துப்பாக்கியின் அட்டைப் பெட்டி.

"தெறங்கப்பா."

திறந்தார். துப்பாக்கியின் இடப்பக்கத்தில், மாசுமருவில்லாமல் இருந்த அந்தக் கறுப்பில், 'அமெரிக்க அரசு உடைமை' என்று வெட்டியிருந்தது. கீழே, அவர் முன்பு பட்டாளத்தில் வேலை பார்த்த பிரிவின் பெயர். கோப்பைகளில் பெயர் வெட்டித் தருகிற கடையில், அசல் பட்டாளத் துப்பாக்கி ஒன்றின் படத்தைக் காட்டிச் செய்து வாங்கியிருக்கிறாள்.

"உங்களுக்கு அசல் கெடைக்கலன்னுதானே இதெல்லாம் சேக்கறீங்க. இப்ப இது அசல் மாதிரியே ஆயிடுச்சு இல்ல?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. பொதுமக்கள் பதிப்பில் பட்டாள முத்திரை விழுந்தால் அதற்குச் சேகரிப்பாளர் அகராதியில் ஒரே பெயர்தான்: போலி. ஆனால் மகள் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார்.

"அப்ப சந்தைல வைங்க. ஏழையும் ஒண்ணா வைங்க. நான் வந்து பாக்கறேன்."

6

இப்போது மாட்டிக்கொண்டது அவரும் நானும். வைத்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள், அவள் காதுபடப் போலி என்பார்கள். வைக்காவிட்டால் காலி இடத்தை அவள் பார்ப்பாள். இரண்டில் எது நடந்தாலும் அவள் திரும்பி வரமாட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அந்தப் பயத்தில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் யோசித்த முடிவுகள்:

அ) முத்திரை அடியில் போகும்படி கவிழ்த்து வைக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. (வெர்லின் இதைச் செய்ய மாட்டார். நான்தான் செய்வேன்.)

ஆ) அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட் மாறிவிடுகிறது, வரவில்லை. (கோழைத்தனம். என்னுடையது.)

இ) ஓரினிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார், அவர் வாயை மூடிக்கொள்கிறார். (ஓரினை உங்களுக்குத் தெரியாது.)

7

ஆகவே முத்திரை மேலே தெரியும்படிதான் வைத்தார். மார்லா ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். காப்பி வாங்கிவரப் போனாள். ஓரின் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"எடுத்துப் பாக்கலாமா?"

கேட்காமல் தொடுவது அங்கே வழக்கமில்லை. கேட்டால் மறுப்பதும் வழக்கமில்லை. வெர்லின் தலையசைத்தார்.

"யோவ் வெர்லின், எவன்யா இத உன் தலையில கட்டுனான்? பட்டாளத்துல மொதல்ல முத்திரையக் குத்திட்டு அப்பறந்தான் கறுப்புப் பூசுவாங்க. இது பூச்சு மேலயே வெட்டிருக்கு. எழுத்துக்குள்ள வெள்ளையா இரும்பு தெரியுது பாரு. சுத்தப் போலி."

இரண்டு கையிலும் காப்பியோடு மார்லா பின்னால் நின்றிருந்தாள்.

"நான் கெடுத்துட்டேனாப்பா?"

["இல்லம்மா, ஓரினுக்குக் கண்ணு மங்கிப்போச்சு…" என்று எழுதி அடித்தேன். வலிக்கவே இல்லை என்று பொய் சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள் அவள்.]

"ஆமாம்மா. கெட்டுப்போச்சு," என்றார் வெர்லின்.

ஓரின் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே சந்தையின் அந்தக் கோடிக்குப் போனார். அவருக்கும் நாகரிகம் உண்டு.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ வீட்டுக்குள்ள வந்திருந்த. அத விட எனக்கு இது பெரிசில்ல. அசல் கெடைக்காம இல்ல மார்லா. எனக்கு அசல் வேண்டாம். பட்டாளத்துல ஆயுதக் கிடங்குல எனக்கு என்ன வேல தெரியுமா? ஒரு சின்ன ஜன்னல். பையன் தன்னோட பேர் போட்ட அட்டையைக் குடுப்பான், நான் துப்பாக்கியக் குடுப்பேன். அட்டைய ஆணியில மாட்டுவேன். திரும்பி வந்து துப்பாக்கியக் குடுத்துட்டு அட்டைய வாங்கிட்டுப் போவான். பத்தொன்பது, இருபது வயசுப் பசங்க."

"அப்பா…"

"போருக்குப் போனப்ப மூணு அட்டை ஆணியிலயே நின்னுடுச்சு. துப்பாக்கி மூணும் வந்துச்சு, வேற ஆளுங்க கையில. அட்டைய வாங்க ஆள் வரல." மேசையைக் காட்டினார். "இதெல்லாம் போருக்குன்னு நான் யார் கையிலயும் எடுத்துக் குடுக்காதது. அதனாலதான் இதுங்க மேல ஆச."

நான் இதை எதிர்பார்க்கவில்லை என்றால் நம்புவீர்களா? இரண்டு வாரம் வாயைத் திறக்காதவர், மகள் கேட்டதும் திறந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மார்லா காப்பியை மேசையில் வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. அவள் வெறுத்ததும் அவர் வெறுத்ததும் ஒரே விஷயம்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓரினின் நாற்காலியைக் கேட்காமலே இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்க பேரு என்னப்பா?"

முப்பது வருடத்துக்கு மேலாக யாரும் கேட்காத கேள்வி. வெர்லின் சொன்னார்.

8

இங்கே நிறுத்துகிறேன். முடிவு தெரியாமல் இல்லை, அந்தப் பெயர்களால்தான். வெர்லின் என்ற பெயர் நான் வைத்தது. மார்லா, ஓரின், கோப்பைக் கடை எல்லாம் என் கைச்சரக்கு. இன்னும் மூன்று பெயர்கள் வைப்பது அரை நிமிட வேலை. வைக்க முடியவில்லை. திரும்பி வராத பிள்ளைகளுக்கு நானாகப் பெயர் வைக்கக்கூடாது என்று கை மறுக்கிறது.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன்:

(                    )

(                    )

(                    )

தமிழ் படிக்கிற உங்களுக்கும் அப்படிச் சில பெயர்கள் தெரிந்திருக்கும். நாக்கு நுனியில் ஏதாவது வந்தால், மனதுக்குள் அல்ல, வாய்விட்டே சொல்லுங்கள். மார்லா கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கு விடுமுறை.