சவாசனத்துக்கு இருபது மார்க்

...தொடையைத் தளர விடுங்கள், இடுப்பைத் தளர விடுங்கள், என்று சொல்லிவிட்டு அடுத்தது வயிறா முதுகா என்று சின்னப்பனுக்கு ஒரு நொடி மறந்துபோனது, முதுகுதான், முதுகுக்கு அப்புறம்தான் வயிறு, யோகா வகுப்பில் தேவானந்தம் மாஸ்டர் மழைக்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய வரிசை, மறந்தால் நாக்கே எடுத்துக்கொடுக்கும் என்பார், எடுத்துக்கொடுத்தது. முதுகைத் தளர விடுங்கள்... குரல் அவனுடையது மாதிரியே இல்லை, எண்ணெய் தடவி நீவிவிட்ட குரல், இந்தக் குரலில் வீட்டில் பேசினால் அம்மா என்ன வேணும்டா உனக்கு என்று சந்தேகமாகக் கேட்பாள். ஜமுக்காளத்தில் சேட்டு மல்லாந்து கிடந்தான், கை இரண்டும் உடம்பை விட்டு விலகி, உள்ளங்கை மேலே பார்த்தபடி, பாதங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, புத்தகத்தில் போட்ட படம் தோற்றது. எதிரில் நாற்காலியில் ரத்தினபாய் மேடம், பரீட்சை நடத்துவதற்கென்றே எழும்பூரிலிருந்து முதல் வண்டியில் வந்தவர், மடியில் அட்டை, கையில் பேனா. சுவரோரம் கூடப் படித்தவர்கள், தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு. முடிச்சூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தின் மாடி, சாப்பாட்டு ஹால், நேற்று யாருக்கோ நிச்சயதார்த்தம், ரசவாடை இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. மார்கழி. ஃபேன் போடவில்லை. எல்லாருக்கும் குளிர்ந்தது, சேட்டுவின் நெற்றி மட்டும் ஏன் இப்படி நனைந்து கிடக்கிறது.

ஆசனம் போட்ட களைப்பு, வேறென்ன, பழகாத உடம்பு. பழகாத உடம்பைத்தான் கொண்டுவர வேண்டும், அது இந்தப் பரீட்சையின் சட்டம், ஒவ்வொருத்தனும் யோகா என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஆளைக் கூட்டி வந்து மேடத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்துக் காட்ட வேண்டும். நீ தலைகீழாக நிற்பாய், நின்றுவிட்டுப் போ, அடுத்தவன் உடம்பு உன் பேச்சைக் கேட்கிறதா, அதற்குத்தான்டா சர்ட்டிபிகேட் என்பார் மாஸ்டர். மற்றவர்கள் பெண்டாட்டியை, தம்பியை, மாடி வீட்டுக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். சின்னப்பனுக்கு வயசான அம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், குரோம்பேட்டை போல்ட் கம்பெனியில் நைட் ஷிஃப்டைப் பாதியில் விட்டவன், மெஷின் மேல் தூங்கி விழுந்து சுண்டுவிரல் போகப் பார்த்தது, அதன் பிறகு பகலிலும் தூக்கம் இல்லை, ராத்திரியிலும் இல்லை, தூக்கம் வரும் என்று யாரோ சொல்லித்தான் மாஸ்டரின் வகுப்பில் வந்து படுத்தான். தூக்கம் வரவில்லை, படிப்பு வந்தது. ஜூனிலிருந்து பிள்ளைகளுக்கு யோகா வைக்கப்போகிறோம், சர்ட்டிபிகேட்டோடு வந்தால் உங்களையே எடுத்துக்கொள்கிறோம் என்று கிழக்குத் தாம்பரத்துக் கான்வென்ட் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். பகல் வேலை. சூரியன் இருக்கும்போது வேலைக்குப் போய் சூரியன் இருக்கும்போதே திரும்புகிற வேலை... வயிற்றைத் தளர விடுங்கள். மூச்சு தானாக வருகிறது, தானாகப் போகிறது, நீங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சேட்டு ஆட்டோக்காரன், பீர்க்கன்கரணையில் பக்கத்து வீடு, ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டுப் பின்சீட்டில் கால் தொங்கத் தூங்குகிறவன். பத்து நாளாகக் கெஞ்சியதில் ஒத்துக்கொண்டான். இன்னா மச்சான், நீ சொல்லுவ நான் படுக்கணும், அவ்ளோதானே, எங்க அப்பன் சொல்லியே நான் எழுந்ததில்ல, படுக்கறதுக்கு இன்னா, என்றான். காலையில் கூப்பிடப் போனபோது அவன் பெண்டாட்டி கன்னியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அண்ணா, ராத்திரி பூரா நெஞ்சப் புட்சிக்கினு ஒக்காந்துகினு இருந்தாருண்ணா, தோள்பட்ட வேற இழுக்குதாம், இன்னிக்கி வோணாம்னு நீயே சொல்லுண்ணா, நா சொன்னா எகிறுறாரு. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டே சேட்டு கத்தினான், அட போடீ, பரோட்டா துன்ன வாயு, இவன்தான் யோகா டாக்டராச்சே, கால மட்ச்சி வுட்டான்னா புஸ்ஸுனு பூடும். சின்னப்பன் சிரித்தான். வாயுவுக்கென்றே ஒரு ஆசனம் கீது கன்னியம்மா, பவனமுக்தாசனம், நானே போட வெச்சிக் கூட்டியாறேன் என்றான். நம்பித்தான் சொன்னானா? நம்பித்தான். நோட்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது, வாயுத் தொல்லை நீங்கும், மார்பு அடைப்பு விலகும். நம்பாவிட்டால் மட்டும் அந்த நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது... அது கேள்வியே இல்லை, அவன் நம்பினான். அவள் வழியை விட்டாள், ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே விட்டாள்.

மார்பைத் தளர விடுங்கள். தோள்களைத் தளர விடுங்கள். தோள் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டினான். ஆரம்பிக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்று விதி, மேடமே கேட்டார், உங்களுக்கு இருதயம், பிரஷர், குடலிறக்கம், அந்த மாதிரி ஏதாவது உண்டா? சேட்டு வாயைத் திறந்தான், மேடம், நேத்து ராத்திரிலேர்ந்து... அவ்வளவுதான், சின்னப்பன் குறுக்கே விழுந்தான், நேத்து ராத்திரி சவாரி மேடம், கொஞ்சம் கண்முழிப்பு, மற்றபடி நல்ல ஆரோக்கியம். சேட்டு அவனைத் திரும்பிப் பார்த்து ஒரு கண்ணை அடித்தான், சமாளிச்சிட்டடா என்கிற மாதிரி. மேடம் எதையோ எழுதிக்கொண்டார். அப்புறம் பவனமுக்தாசனம், முழங்காலை மார்போடு அழுத்தும்போது சேட்டுவின் முகம் கறுத்து உதடு சாம்பலாகப் போனது, இன்னும் அழுத்துங்கள், நன்றாக, என்று சொன்னது யார், இவன்தான், வாயு வெளியே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று... வரவில்லை. ஒரே ஒரு தடவை சேட்டு மெதுவாக, மேடத்துக்குக் கேட்காமல், போதும்டா என்றான். போதும் என்றுதானே சொன்னான்? போதுமாடா என்று கேட்டதாகக்கூட இருக்கலாம்.

முகத்தைத் தளர விடுங்கள், நெற்றியைத் தளர விடுங்கள்... நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத்துளி புறப்பட்டு, கன்னப்பொட்டு வழியாக இறங்கி, காதுக்குள் போனது. காதுக்குள் தண்ணீர் போனால் யாருக்கும் கூசும். சேட்டுவுக்குக் கூசவில்லை. ஆழ்ந்த தளர்ச்சி. அப்படித்தான் இருக்க வேண்டும், மாஸ்டர் கதவருகே நின்று பெருமையாகத் தலையாட்டினார். கொஞ்சம் முன்னால், இடுப்போ முதுகோ சொல்லிக்கொண்டிருந்தபோது, தொண்டையிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்தது, சின்னப்பனுக்கு உயிரே போய்விட்டது, குறட்டை விடாதடா பாவி, மாதாவே, இவன் குறட்டை விடக்கூடாது. போன தடவை ஒருத்தன் மாமனாரைக் கூட்டி வந்து, கிழவர் குறட்டை விட, மருமகன் பதறித் தோளைத் தட்ட, மேடம் பேசாமல் பேனாவை மூடிவிட்டார், அந்த மருமகன் இப்போது மறுபடி பணம் கட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். சவாசனத்தில் கிடப்பவனைத் தொடக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, நடுவில் எழுப்பினால் நரம்பு அதிரும், குரலாலேயே இறக்கியவனைக் குரலாலேயே ஏற்ற வேண்டும், கால் கட்டைவிரலில் ஆரம்பித்து. இதற்கு மட்டும் இருபது மார்க். அந்தச் சத்தம் இன்னொரு தடவை வந்தது, நீளமாக, பிறகு நின்றது. நின்றதும் மாதாவுக்கு நன்றி சொன்னான். நிஜமாகவே சொன்னான், மனசுக்குள், நன்றி தாயே என்று.

அதற்குப் பிறகு வயிறு ஏறி இறங்கியதா? பார்த்த ஞாபகம் இல்லை. இப்போது பார்க்கிறான். பனியன் தொளதொளவென்று இருக்கிறது, சேட்டு எப்போதும் பெரிய சைஸ்தான் வாங்குவான், உள்ளே மூச்சு ஓடினாலும் தெரியாது... ஜன்னல் வழியாக வருகிற காற்றில் பனியன் ஓரம் அசைகிறது, அது மூச்சா காற்றா. குனிந்து மூக்கருகே கையை வைத்தால் தெரிந்துவிடும். இரண்டு எட்டுதான். வைத்து, சேட்டு ஒருவேளை கண்ணைத் திறந்து இன்னா மச்சான் என்று கேட்டுவிட்டால்? மேடம் பேனாவை மூடுவார். ஜூன் போய்விடும். மறுபடி போல்ட் கம்பெனி வாசலில் சங்குச் சத்தத்துக்கு நிற்க வேண்டும். அசந்து தூங்குகிறான், அவ்வளவுதான், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன். தூங்கட்டும். ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, சுவரோரம் இருந்த எல்லாருடைய தலையும் அந்தப் பக்கம் லேசாகத் திரும்பியது, சேட்டுவின் இமை ஆடவில்லை. மேடம் மெல்லிய குரலில் மாஸ்டரிடம், இவ்வளவு நிச்சலனமாக ஒரு புது ஆள் கிடந்து நான் பார்த்ததே இல்லை என்றார். சரி, இப்போது மேலே கொண்டுவாங்க, என்று சின்னப்பனுக்குச் சைகை காட்டினார்.

மெதுவாக, மிக மெதுவாக, கவனத்தை உடம்புக்குத் திருப்பிக்கொண்டு வாருங்கள்... கால் கட்டைவிரலை மட்டும் லேசாக அசையுங்கள். சொல்லிவிட்டு நிறுத்தினான், இந்த இடத்தில் நிறுத்த வேண்டும், உடம்புக்கு நேரம் கொடுக்க வேண்டும். கொடுத்தான். அப்போதுதான் கவனித்தான், சொல்லி முடித்ததும் தன் கண் சேட்டுவின் காலுக்குப் போகாமல் மேடத்தின் கைக்குப் போயிருப்பதை. பேனா திறந்தபடியே காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றிருந்தது. மேடம் ஜமுக்காளத்தைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலையில் கன்னியம்மா பார்த்த அதே பார்வை... கால் கட்டைவிரலை மட்டும் லேசாக அசையுங்கள், என்றது குரல் மறுபடியும். அந்தக் குரலில் ஒரு நடுக்கம் வரும் என்று சின்னப்பன் காத்திருந்தான். வரவில்லை.