பானையில் இல்லாத முகம்

1

முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது குற்ற உணர்ச்சியில். ஆசிரியர்களுக்காக அருங்காட்சியகத்தில் நடந்த கிரேக்கக் கலை, புராணப் பயிற்சியில், வேறு பள்ளியிலிருந்து வந்த ஒரு கணக்கு டீச்சருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. சாயங்காலம் நான் சான்றிதழோடு வெளியே வந்தேன். அவர்... இருங்கள், அதற்கு வருகிறேன்.

'பழங்கால கிரேக்கத்தில் ஒரு குயவன்' என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. 'கணக்கு டீச்சர் கண்களில் ஒரு சோகம்' என்று மாற்றினேன். பொய். கண்களில் சோகமில்லை, கண்ணாடிதான் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

2

அவரே சொன்னது: அவர் பள்ளியில் சரித்திர டீச்சருக்குக் காய்ச்சல். அதனால் கணக்கு டீச்சரை அனுப்பினார் தலைமையாசிரியை. "சான்றிதழ் வாங்கின டீச்சர் கூட வந்தாதான் பிள்ளைங்கள உள்ள விடுவாங்களாம். எப்படியாவது வாங்கிட்டு வந்துடுங்க." ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் அருங்காட்சியகம் போகும் நாளை இரண்டு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் பானை ஒட்டுபவர் பேசினார். உடைந்த பானைகளைச் சேர்த்து ஒட்டுவது அங்கே அவர் உத்தியோகம். ஒரு கறுப்புப் பானையைக் காட்டினார். பூப் பறித்துக்கொண்டிருந்த பெர்செபொனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் தேரில் தூக்கிக்கொண்டு போகிறான்.* குதிரைகள் இருக்கின்றன, சக்கரம் இருக்கிறது, அவன் தாடிகூட இருக்கிறது. அவள் முகம் இருந்த சில்லு மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வெறும் மண் நிறம்.

"நீங்களே வரைஞ்சிருக்கலாமே?" என்று கேட்டது நான்தான்.

"வரையத் தெரியும் சார். ஆனா நான் வரைஞ்சா நாளைக்கு அதுதான் அவ முகம்னு ஆயிடும். அதனால மண் கலர்ல அடைச்சு விட்டுடுவோம். இங்க ஒண்ணு இல்லைன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

கணக்கு டீச்சர் அதைக் குறித்துக்கொண்டு அடிக்கோடும் போட்டார்.

(* மகளைத் திருப்பித் தரும்வரை ஒரு பயிரும் முளைக்காது என்று அம்மா டிமீட்டர் உலகத்தையே காயப்போட்டாளாம். பிடிவாதம் என்றால் அது. நம் டீச்சர் பிடித்தது ஒரு சின்ன வட்டத்துக்காக.)

3

மதியம் தாள் கொடுத்தார்கள். அதே பானையின் படம், முகத்துக்குப் பதில் ஒரு வட்டம். 'பெர்செபொனியின் உணர்ச்சியை வரைக.'

ஓவிய டீச்சர் அலறும் வாயை வரைந்தார். அறிவியல் சார், பின்னால் ராணியாகப் போகிறவள்தானே என்று புன்னகை வைத்தார். நான் கண்ணீர் வைத்தேன், மூன்று சொட்டு. (கண்ணீர் என்றால் எனக்குக் கை தானாக ஓடும். என் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்.)

கணக்கு டீச்சர் பென்சிலைத் தொடவில்லை.

"வரைய வரலையா மேடம்?" என்றார் பயிற்சி நடத்தியவர்.

"வரும். ஆனா அவ முகம் தெரியாது."

"சும்மா கற்பனைதான். தப்பு சரி கிடையாது."

"தப்பு சரி இல்லாத கேள்விக்கு எதுக்குச் சான்றிதழ்?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"தெரியாததுக்கு நாங்க எக்ஸ்னு போடுவோம். வாய்க்கு வந்த எண்ணப் போட்டா முட்டைதான். அந்தப் பொண்ண ஒருத்தன் கேக்காம தூக்கிட்டுப் போனான். இப்ப நாமளும் அவளக் கேக்காம ஆளுக்கொரு மூஞ்சி ஒட்டறோம்."

"காலியா குடுத்தா தர முடியாது மேடம். விதி அப்படி."

முப்பத்தெட்டுப் பேரும் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பென்சிலை எடுத்தார், வைத்தார்.

4

[அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். பதினாறு வயதில் அவளை...]

வேண்டாம். தங்கையும் இல்லை, பதினாறு வயதும் இல்லை. ஒரு பெண் முடியாது என்று சொன்னால் பின்னால் ஒரு காயம் இருந்தே தீர வேண்டுமா? அது நான் ஒட்டப் பார்த்த சில்லு. வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன், ஆனால் அழிக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

5

அவர் மண் நிறப் பென்சிலை எடுத்தார். வட்டம் முழுக்க, ஒரு கோடுகூடத் தனியாகத் தெரியாமல், நிதானமாகத் தீட்டினார். தாளை நீட்டினார்.

"காலியா இல்லை. நீங்க அடைக்கிற மாதிரியே அடைச்சிருக்கேன். இது தப்புன்னா முதல்ல அந்தப் பானையத் திருத்துங்க."

பயிற்சி நடத்தியவர் தாளைப் பார்த்தார். முத்திரையைக் கையில் எடுத்தார்.

6

அது விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. என் சான்றிதழ் ஏற்கனவே கைக்கு வந்திருந்தது. பேருந்துக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். பக்கத்தில் நின்று 'அவங்க சொல்றது சரிதான்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரிடமே கேட்கலாமே என்பீர்கள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் முப்பத்தெட்டுப் பேரும் பானை முன்னால் நிற்கிறார்கள். இன்னொன்றில் வகுப்பைவிட்டே நகரவில்லை. இரண்டிலும் மூன்று சொட்டுக் கண்ணீர் இருந்தது. இரண்டையும் கிழித்தேன். முடிவில்லாத கதைக்கு இடமில்லை என்று பத்திரிகை திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்.

முடிவு இதுதான்:

[                              ]

மறந்து விட்டதல்ல, அடைத்து வைத்திருக்கிறேன். கை அரித்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேறு நிற மையில் எழுதுங்கள். அது உங்கள் கைவேலை என்று அடுத்துப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.