நாத்தனாரைக் குழியில் தள்ளிய கதை

பல்செட்டு செய்யும் லேபில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் அந்தப் பெயர் போய்விடும். வெறும் மாஸ்டர். தையல் மாஸ்டரும் இல்லை, டான்ஸ் மாஸ்டரும் இல்லை, கேம் மாஸ்டர். அதாவது, வளர்ந்த மனிதர்கள் சிலர் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களை வீரன் என்றும் மந்திரவாதி என்றும் சொல்லிக்கொண்டு ஒரு பாதாளத்துக்குள் இறங்குவார்கள். அங்கே கதவுக்குப் பின்னால் உறுமுவது யார், வீசிய கத்தி பட்டதா படவில்லையா என்று சொல்கிறவள் அவள்தான். எதுவானாலும் இருபது பக்கப் பகடை தீர்ப்புச் சொல்லும். குழி, பொறி மாதிரியான விஷயங்களுக்கு மட்டும் அவளே ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து உருட்டுவாள்.

ஆட்டத்துக்கான பொம்மைகளும் அவள் கைவேலை. லேபில் ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையில் மிஞ்சுவதை வீணாக்காமல் கொண்டுவந்து பிடிப்பாள். அதனால் அவளுடைய உலகத்தில் எலியிலிருந்து டிராகன் வரை சகல ஜீவராசிகளும் ஈறு நிறம். ஒரு பூதத்துக்கு மட்டும், அளவு தப்பித் திரும்பி வந்த பல்செட்டின் பற்களையே வைத்திருந்தாள். வாயைத் திறந்தபடி நிற்கும். பார்த்தவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மேலும் கீழும் போய்வருகிற மனிதர், வீடு திரும்பினால் டி.வி. முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் கட்டை விரல் மட்டும்தான் அசையும். யார் ஆட்டம் உசத்தி என்பதில் இருவருக்கும் தீராத வழக்கு.

"உங்க ஆட்டத்துல கடைக்காரன் மூணே வாக்கியம்தான் பேசறான். நாலாவது கேட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கறான். அவனுக்கு உங்க லிஃப்ட் எவ்வளவோ தேவலை" என்பாள் அவள்.

"பேசாட்டி போகட்டும், நியாயமா இருக்கான்ல? உன் ஆட்டத்துல நீதான் கடவுள். கடவுளுக்குக் கோபம் வந்தா யார்கிட்ட போய் முறையிடறது? கம்ப்யூட்டருக்குக் கோபமே வராது. அதுக்கு மாமியாரும் கிடையாது, நாத்தனாரும் கிடையாது."

"நான் ஒரு தடவைகூட பகடையை மாத்திச் சொன்னதில்ல."

அது உண்மைதான். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அப்போதுதான் நாத்தனார் வந்து சேர்ந்தார். புருஷனுக்கு அக்கா. தன் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், வாசனை ஆகாது என்று இரண்டு பெட்டிகளோடு வந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் பிரிவுக்குத் தலைவி. வீடு எரிந்துபோய் நிற்கிறவனிடம், "சாம்பலைக் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்கக்கூடியவர். வந்த மறுநாளே அடுக்களையில் ஒரு டப்பாகூடப் பழைய இடத்தில் இல்லை. உப்பு எங்கே என்று தன் வீட்டில் தானே இன்னொருத்தரைக் கேட்க வேண்டிய நிலைமை மாஸ்டருக்கு. அதற்கு அடுத்த நாள் பல் வைத்த பூதத்தைக் காணோம்.

"அதுவா? உடைஞ்ச பல்செட்டுன்னு நினைச்சுக் குப்பையில போட்டுட்டேன்" என்றார் நாத்தனார்.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். தொழிலே பல்தானே.

சனிக்கிழமை வழக்கம்போல இருவர் வந்தார்கள். ஒருவன் லேபில் அவளோடு மெழுகு வேலை செய்கிற குண்டன். கத்திமேல் நடப்பதுபோல நடப்பான். ஆட்டத்திலோ ஊரை அழிக்கிற வீரன். இன்னொருவர் கொரியர்காரர். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவதால், பறக்கத் தெரிந்த மந்திரவாதி. நாத்தனார் அதே மேஜையில் பேப்பரை விரித்துவைத்திருந்தார்.

"அண்ணி, நாங்க இங்க விளையாடணும்..."

"விளையாடுங்க. நான் என்ன, மேஜையைத் தூக்கிட்டா போறேன்?"

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தக் காவல்காரன்கிட்ட எதுக்குச் சண்டை? உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு யார் போட்டதுன்னு கேளு தம்பி. எழுத்துல இருக்கான்னு கேளு."

குண்டன் கேட்டான். இப்படி ஒரு கேள்வியைக் காவல்காரனிடம் யாரும் கேட்பார்கள் என்று மாஸ்டர் நினைத்ததே இல்லை. அவள் திணற, காவல்காரனும் திணறினான். கடைசியில் மேலதிகாரியைக் கேட்டுவருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. கொரியர்காரர் கைதட்டினார். பேப்பர் மடிக்கப்பட்டது. ஐந்து நிமிஷத்தில் நாத்தனார் பூட்டு திறப்பதில் கெட்டிக்காரியான ஒரு திருடியாக ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்தவர் சும்மா இருந்தாரா? ராஜாவின் பொக்கிஷ அறைக்கு ஒரே சாவிதானா, இது என்ன நிர்வாகம் என்றார். எலிகள் இத்தனை நாள் எதைத் தின்று உயிரோடிருந்தன என்று கேட்டார். மாஸ்டர் ஒரு மாதமாகக் கற்பனை செய்து கட்டிய சுரங்கத்தைத் தாண்டி வந்ததும் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"தப்பா நினைச்சுக்காதே. உன் பாதாளமும் உன் சமையல் மாதிரியேதான் இருக்கு. நிறைய இருக்கு, உப்புதான் இல்ல."

குண்டன் சிரித்தான். உள் அறையில் டி.வி. முன்னாலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. அதுதான் அவளுக்கு எரிந்தது.

அடுத்து ஒரு குழி. திருடி தாண்டப்போவதாகச் சொன்னார். பத்துக்கு மேல் விழுந்தால் போதும். மாஸ்டர் தடுப்புக்குப் பின்னால் உருட்டினாள். பதினேழு. நல்ல, கொழுத்த பதினேழு. அவள் அதைப் பார்த்தாள். உப்பு டப்பாவை நினைத்துக்கொண்டாள்.

"மூணு" என்றாள். "விழுந்துட்டீங்க அண்ணி. அடி தெரியாத குழி."

"அப்போ நான் செத்துட்டேனா?"

"ஆமா."

நாத்தனார் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "சரி" என்று எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். சாயங்காலம் மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, அவ உன் வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவளைக் குழியில தள்ளிட்டியாமே?"

"நான் தள்ளல அத்தை. தாண்டும்போது அவங்களே விழுந்துட்டாங்க."

"குழியை வெட்டினது யாரு?"

வெட்டியவள் அவள்தான். முள் வேறு வைத்திருந்தாள்.

மறுநாள் புருஷனிடம் உண்மையைச் சொன்னாள். அவர் சோபாவிலிருந்து நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார். "நான்தான் சொன்னேனே, கம்ப்யூட்டருக்கு..."

"வாயைத் திறந்தீங்க, உங்களுக்கும் குழி வெட்டுவேன்."

அந்த வாரம் லேபில் அவள் கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு செட்டில் மேல் வரிசையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துவிட்டாள். டாக்டர் போன் செய்து, "பேஷன்ட் வாயை மூடினாலும் சிரிக்கறார்மா" என்றார். மெழுகைச் சூடாக்கியபடியே யோசித்துப் பார்த்தாள். நாத்தனாருக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பதினேழுக்குத்தான் துரோகம். யாருடைய ஆபீஸ், யாருடைய வயசு, யார் யாருக்கு என்ன உறவு என்று எதையும் பார்க்காமல் உருளுகிற ஒரே பொருள் அந்த வீட்டில் பகடைதான். அதையும் குடும்ப அரசியலில் இழுத்துவிட்டாளே!

அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் நாத்தனார் மேஜையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். ஆபீஸ் கண்ணாடி.

"என் சாவு விஷயமா சில கேள்வி இருக்கு" என்றார். "உடம்பு எங்கே?"

"குழியில அண்ணி."

"பார்த்தது யாரு?"

கொரியர்காரர், "சத்தம் கேட்டுச்சு மேடம்" என்றார்.

"பார்சல் உள்ள விழுந்த சத்தம் கேட்டுச்சுன்னா, கையெழுத்து வாங்காம குடுத்தாச்சுன்னு போடுவீங்களா?"

"வேலை போயிடும் மேடம்."

"அப்போ நான் செத்தவ இல்ல. காணாமப்போனவ. எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு பைசா தரமாட்டோம்."

மாஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "சரி அண்ணி. குழிக்குள்ள ஒரு வேரைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கீங்க. மேல ஏறணும். பத்துக்கு மேல விழுந்தா ஏறிடலாம்."

பகடையை எடுத்தாள். என்ன விழுந்தாலும் பதினெட்டு என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அண்ணி பிழைப்பார், மாமியார் குளிர்வார், அடுக்களையும் ஒருவேளை திரும்பக் கிடைக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதினேழை மூன்றாக்கிய அதே நாக்கு. அவள் அட்டைத் தடுப்பை மடித்துக் கீழே போட்டாள். பகடையை மேஜை நடுவில் வைத்தாள்.

"நீங்களே உருட்டுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

புருஷன்கூட எழுந்து உள் அறை வாசற்படிக்கு வந்துவிட்டார், ஆட்டத்தை நிறுத்தாமலே. உள்ளே டி.வி.யில் அவருடைய வீரனை யாரோ அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாத்தனார் பகடையைக் குலுக்கி விட்டெறிந்தார். அது தண்ணீர் ஜக்கில் மோதி, சுற்றி, விளிம்புக்குப் போய், நின்றது.

ஒன்று.

இதைவிடக் கீழே விழ எண் கிடையாது. குண்டன், "ஐயோ அக்கா" என்றான், நிஜமாகவே யாரோ போய்விட்ட குரலில்.

நாத்தனார் குனிந்து பகடையைக் கிட்டத்தில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ம். இது சாவு" என்றார் அமைதியாக. "போன வாரம் நடந்தது கொலை."

மாஸ்டருக்குக் காது சூடானது. "தெரியுமா அண்ணி?"

"நாள் முழுக்கப் பொய் கிளெய்ம் பாக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது? மூணுன்னு சொல்லும்போது உன் மூக்கு துடிச்சுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆட்டத்தையே நிறுத்திருப்பே. அப்புறம் சனிக்கிழமை நான் என்ன பண்றது, இவன் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறதா?" தம்பியைக் காட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உன் பூதத்தை நானும் தெரிஞ்சேதான் தூக்கிப் போட்டேன். பாக்கவே சகிக்கல. கணக்கு சரியாப் போச்சு."

மன்னிப்பு என்று இருவரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அது வழக்கமும் இல்லை.

"சரி, இந்த தடவை யாரா வரீங்க?" என்று கேட்டாள் மாஸ்டர். "வீராங்கனையா? மந்திரக்காரியா?"

"குழிக்கு அடியில யாராவது இருப்பாங்களே, என்னைத் தின்னவங்க. அவங்களா வரேன்."

"அப்படியெல்லாம் வரமுடியாதுக்கா" என்றான் குண்டன்.

"வரமுடியாதுன்னு எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. புருஷனின் ஆட்டமாக இருந்தால் திரையில் காட்டுகிற நாலு பேரில் ஒருவரைத்தான் பொறுக்க முடியும். ஐந்தாவது ஆள் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? இங்கே கேட்க ஓர் ஆள் இருந்தாள்.

"வாங்க அண்ணி. குழிக்கு அடியில ரொம்ப காலமா இருக்கற ஒரு ராட்சசி. இப்பதான் சாப்பிட்டு முடிச்சிருக்கீங்க."

"நல்லா இருந்துச்சா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"ருசி இருந்துது. கொஞ்சம் எலும்பு ஜாஸ்தி."

கொரியர்காரர் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டார்: "மேடம், நீங்க இப்ப எங்க பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"ஏறி வரேன், பாருங்க" என்று நாத்தனார் கையை நீட்டிப் பகடையைக் கேட்டார்.